அறுவைக்குப் பின்னும் அடங்காத வலி: தண்டுவட மின்தூண்டல் எதுவரை உதவும்?

முதுகெலும்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, தையல் பிரித்து, காயம் ஆறி, மாதங்கள் கடந்த பின்னும் வலி விடுவதில்லை. சிலருக்கு அது இடுப்பிலேயே தங்கிவிடுகிறது. பலருக்குப் பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை எரிச்சலாக இறங்குகிறது. போர்வை உரசினால்கூடத் தாங்க முடிவதில்லை. கீழ்முதுகு அறுவைக்குப் பின் இப்படி வலி நீடிப்போர் 10 முதல் 40 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. எந்த வகை அறுவை, எத்தனையாவது அறுவை, எவ்வளவு வலியைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. வட்டு விலகலுக்காகச் செய்யும் சிறிய அறுவையில் அது குறைவு. எலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்கும் பெரிய அறுவையில் அதிகம்.

மருத்துவம் இந்த நிலையை நெடுங்காலம் ‘தோல்வியுற்ற முதுகு அறுவை நோய்த்தொகுதி’ என்ற தலைப்பில் வைத்திருந்தது. 2021இல் வலி மருத்துவ அறிஞர்கள் அதற்குப் பதிலாக ‘நீடித்த முதுகெலும்பு வலி நோய்த்தொகுதி, வகை 2’ என்ற பெயரை முன்மொழிந்தனர். மாத்திரையும் ஊசியும் உடற்பயிற்சியும் போதாமல், இன்னொரு அறுவையாலும் பயனில்லை என்ற கட்டத்துக்கு வந்துவிட்ட இவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக முன்வைக்கப்படும் சிகிச்சை தண்டுவட மின்தூண்டல். தண்டுவடத்தின் பின்பக்கமாக மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, தோலுக்கடியில் புதைத்த சிறு கருவியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்பி, வலிச் செய்தியை அடக்கும் முறை இது.

வலி ஏன் விடவில்லை

அறுவைக்குப் பின் வலி நீடித்தால், சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. நரம்பை அழுத்திய வட்டின் துண்டு முழுமையாக அகற்றப்படாமல் இருக்கலாம். அகற்றிய இடத்திலேயே வட்டு மீண்டும் பிதுங்கலாம். தண்டுவடக் கால்வாயின் குறுக்கம் ஒரு மட்டத்தில் சரியாகி அடுத்த மட்டத்தில் விட்டுப்போயிருக்கலாம். திருகாணி வைத்து இணைத்த எலும்புகள் ஒன்றுசேராமல் போகலாம். சேர்ந்தாலும், அசைவை இழந்த பகுதியின் சுமை அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளில் விழுந்து அவை தேயலாம். கிருமித்தொற்று மெல்லப் புகைந்துகொண்டிருக்கலாம். வலியின் ஊற்று இடுப்பு மூட்டிலோ, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டிலோ இருந்து, முதல் அறுவையே தவறான இலக்கில் நடந்திருக்கவும் கூடும். காடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் தழும்புத் திசுவையும் மீண்டும் பிதுங்கிய வட்டையும் பிரித்துக் காட்டும். கால் திடீரெனப் பலவீனமாவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால் அவசர அறுவை தேவைப்படலாம். அங்கே மின்தூண்டலைப் பற்றிப் பேசவே இடமில்லை.

இவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகும் வலிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோளாறு நரம்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு வேர், அழுத்தம் நீங்கிய பின்னும் தானாகவே மின்துடிப்புகளைக் கிளப்புகிறது. அறுவை செய்த இடத்தில் உருவாகும் தழும்பு நரம்பைச் சுற்றி இறுகலாம். நரம்பு வேர்களைப் போர்த்தும் மெல்லிய உறை அழன்று, வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். அந்த ஓயாத செய்தியைப் பெற்றுப் பெற்றுத் தண்டுவடத்தின் செல்களும் மாறிப்போகின்றன. சாதாரணத் தொடுதலும் அங்கே வலியாகப் பதிகிறது. இதை நரம்புசார் வலி என்பார்கள். அடிபட்ட திசுவிலிருந்து வரும் வலிக்கும் இதற்கும் மருந்துகள் வேறு. ஐபுப்ரோஃபென் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடுவதில்லை.

படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லப்படும்போது, வீட்டாரும் அலுவலகமும் நோயாளியைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அநியாயம். எம்.ஆர்.ஐ. எலும்பையும் வட்டையும் நரம்பின் உருவத்தையும் காட்டும். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. படம் சுத்தமாக இருப்பதால் வலி பொய்யாகிவிடுவதில்லை.

இத்தகையோருக்கு மறுபடி மறுபடி அறுவை செய்வது உதவுவது அரிது. ஒவ்வொரு அடுத்த அறுவையிலும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, தழும்பு கூடிக்கொண்டே போகிறது. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஓரளவு உதவும். தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் அவற்றின் விலை. அமெரிக்காவில் இந்த இடத்தில்தான் ஓபியாய்டு மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டன. அவை அங்கே உண்டாக்கிய அடிமைத்தனமும் மரணங்களும், மருந்தில்லாத மாற்று வழிகளின் மேல் மருத்துவர்களின் கவனத்தைத் திருப்பின.

கதவுக் கோட்பாடு

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்திருக்கை மீனை உடலில் படவைக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஏன் உதவக்கூடும் என்பதற்கு ஒரு விளக்கம் 1965இல்தான் வந்தது. கனடாவின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் பிரிட்டனின் நரம்பியலாளர் பேட்ரிக் வாலும் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, வலியைப் பற்றிய சிந்தனையையே மாற்றியது.

அதுவரை வலி என்பது தோலிலிருந்து மூளைக்கு நேராகச் செல்லும் தனிக் கம்பியின் செய்தி என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில் ஒரு கதவு இருக்கிறது என்றார்கள் மெல்சாக்கும் வாலும். வலியைச் சுமந்து வருபவை மெல்லிய நார்கள். தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைச் சுமப்பவை தடித்த நார்கள். தடித்த நார்கள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, இடையிலுள்ள தடுப்புச் செல்கள் விழித்துக்கொண்டு வலிச் செய்தி மேலே போகும் கதவைச் சாத்துகின்றன. முழங்காலை எங்காவது இடித்துக்கொண்டதும் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கிறது, வலியும் சற்றுக் குறைகிறது. இந்த எளிய அனுபவத்துக்கு உடலியல் விளக்கம் கிடைத்தது. கோட்பாட்டின் பல நுணுக்கங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன; ஆனால் வலி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

கருத்து சரியென்றால், தடித்த நார்களை வேண்டுமென்றே தூண்டி வலியை அடக்க முடிய வேண்டும். அந்த நார்கள் எல்லாம் திரண்டு மூளைக்கு ஏறும் இடம் தண்டுவடத்தின் பின்தூண். அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, 1967இல் கிளீவ்லாந்து நகரில், அறுவைக்கு எட்டாத நுரையீரல் புற்றுநோயால் வலித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அங்கே மின்முனையைப் பொருத்தினார். கருவியை வடிவமைத்தவர் தாமஸ் மார்ட்டிமர் என்ற பொறியியல் ஆய்வு மாணவர். கோட்பாடு அச்சாகி இரண்டே ஆண்டுகளில் அது மனித உடலுக்குள் சோதிக்கப்பட்டது. வலி தணிந்தது என்று பதிவானது. பிசியோதெரபி நிலையங்களில் தோலின்மேல் ஒட்டி வைக்கும் ‘டென்ஸ்’ கருவி பரவியதும் இதே தேடலின் கிளையாகத்தான்: புதைக்கும் கருவி ஒருவருக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டிப் பார்ப்பதற்கு ஷீலி தோல்வழித் தூண்டலைப் பயன்படுத்தினார்.

தொடக்க ஆண்டுகளின் உற்சாகம் நீடிக்கவில்லை. முதுகெலும்பின் பின்வளைவை வெட்டித் திறந்து மின்முனை வைக்க வேண்டியிருந்தது. கம்பிகள் அறுந்தன, மூளைத் தண்டுவடத் திரவம் கசிந்தது, யாருக்குப் பொருத்துவது என்பதில் தெளிவில்லை. 1970களில் ஊசி வழியாகவே மின்முனையை உள்ளே செலுத்தும் முறை வந்தது. இதயத்துக்கான பேஸ்மேக்கர் தொழில்நுட்பம் வளர்ந்தபோது, உடலுக்கு வெளியே ஆண்டெனா கட்டிக்கொள்ளத் தேவையில்லாமல் மின்கலத்தோடு முழுவதுமாகப் புதைக்கும் கருவிகள் 1980களில் கிடைத்தன. இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேருக்கு இது பொருத்தப்படுகிறது.

கருவி உள்ளே போகும் விதம்

சிகிச்சை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதலில் தற்காலிக சோதனை. நோயாளி குப்புறப் படுத்திருக்க, அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் கீழ்முதுகில் ஒரு தடித்த ஊசியைச் சாய்வாகச் செலுத்துகிறார். பிரசவ வலியைத் தணிக்க மருந்து செலுத்தும் அதே எபிடியூரல் இடைவெளிதான் இலக்கு. ஊசியின் வழியாகப் போகும் மெல்லிய கம்பியின் நுனியில் பெரும்பாலும் எட்டு மின்முனைகள் வரிசையாக இருக்கும். கீழ்முதுகும் காலும் வலிப்பவருக்கு அந்த நுனி நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் எட்டாவது முதல் பத்தாவது வரையிலான மட்டத்துக்கு ஏற்றப்படுகிறது. இடுப்பு வலிக்கு நெஞ்சு மட்டத்தில் மின்முனையா என்று தோன்றலாம். தண்டுவடம் முதுகெலும்பைவிடக் குட்டையானது. இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. காலிலிருந்து வரும் நார்கள் பின்தூணில் ஒன்றுசேர்ந்து ஏறும் இடம் அதற்கு மேலேதான் கிடைக்கும்.

கம்பியின் வெளிநுனி இடுப்புப் பட்டையில் மாட்டிய சிறு கருவியோடு இணைக்கப்பட்டு, நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம். சில நாடுகளில் அதற்கும் மேல். அந்த நாட்களில் அவர் நடந்து பார்க்க வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும், இரவில் தூங்க முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். வலி குறைந்தது பாதியாவது குறைந்தால்தான் சோதனை வெற்றி என்று கொள்வது பரவலான வழக்கம். குறையவில்லை என்றால் கம்பியை உருவிவிடலாம். உடம்பில் எதுவும் மிஞ்சாது. முதுகெலும்பு அறுவைகள் எதிலும் இப்படி முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்கும் வசதி கிடையாது. இந்தச் சிகிச்சையின் பெரிய கண்ணியம் இதில் இருக்கிறது.

வெற்றி என்றால் இரண்டாவது கட்டம். கம்பிகள் நிலையாகப் பொருத்தப்பட்டு, தோலுக்கடியில் சுரங்கமாக இழுக்கப்பட்டு, பிட்டத்தின் மேற்பகுதியிலோ விலாவிலோ சிறு பை போல வெட்டிய இடத்தில் புதைத்த துடிப்பு உற்பத்திக் கருவியோடு இணைக்கப்படுகின்றன. சிலருக்குக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான துடுப்பு வடிவ மின்முனை வைக்கப்படுகிறது. அது எளிதில் நகராது. ஆனால் அதற்கு எலும்பைச் சிறிது வெட்ட வேண்டும். முன்பு பலமுறை அறுவை நடந்த முதுகில் தழும்பு ஊசிக்கு வழிவிடாதபோதும் இதுவே வழி. மின்னேற்றம் செய்ய முடியாத கருவியின் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்து, கருவியையே மாற்ற வேண்டிவரும். மின்னேற்றம் செய்யக்கூடியது பத்தாண்டு வரையும் அதற்கு மேலும் உழைக்கும். அதற்கு நோயாளி ஒழுங்காகத் தோலின்மேல் மின்னேற்றி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மதமதப்பு தெரியாத மின்சாரம்

பழைய முறையில் நொடிக்கு 40 முதல் 60 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. வலித்த இடத்தில் ஒருவித மதமதப்பு பரவும். அந்த மதமதப்பு வலிக்கும் இடம் முழுவதையும் மூட வேண்டும் என்பதற்காகவே, கம்பி வைக்கும்போது நோயாளியை அரைத்தூக்கத்திலிருந்து எழுப்பி எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். சிலருக்கு அது இதமாக இருக்கிறது. சிலருக்கு அதுவே தொல்லை: குனியும்போதும் இருமும்போதும் தண்டுவடம் மின்முனைக்குச் சற்று நெருங்கிவர, சட்டென்று அதிர்ச்சிபோலக் கூடிவிடும். காலில் மதமதப்பு நன்றாகக் கிடைத்தாலும் நடுமுதுகை அதனால் எட்டுவது கடினம். கால்வலியில் கிடைத்த பலன் முதுகுவலியில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளின் மாற்றங்கள் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடந்தன. பெல்ஜியத்தின் டிர்க் டி ரிடர் 2010இல் ‘பர்ஸ்ட்’ தூண்டலை வெளியிட்டார்: ஐந்து துடிப்புகள் கொண்ட கொத்து, நொடிக்கு 40 கொத்துகள். நொடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் உயரதிர்வெண் கருவிக்கு 2015இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இரண்டிலும் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை; வலி குறைகிறதா என்பது மட்டுமே அடையாளம். ஆஸ்திரேலியாவில் உருவான இன்னொரு வகை, ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டுவட நார்கள் தரும் எதிர்விளைவை அளந்து, உடல் அசையும்போது மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அதற்கு 2022இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதற்குக் கதவுக் கோட்பாடு மட்டும் போதவில்லை. விலங்குகளில் நடந்த சோதனைகள், பழைய முறைத் தூண்டலின்போது பின்கொம்பில் காபா என்ற தடுப்பு வேதிப்பொருள் கூடுவதையும், கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் குறைவதையும் காட்டின. மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் பாதைகளும் இதில் பங்கெடுக்கின்றன. மதமதப்பு இல்லாத வகைகளுக்கோ இன்னும் போட்டி விளக்கங்கள்தான் இருக்கின்றன.

ஆய்வுகள் காட்டுவது

இந்தச் சிகிச்சைக்கு மதிப்பைத் தேடித்தந்த ஆய்வுகள் இரண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் நார்த் தலைமையில் நடந்து 2005இல் வெளியானது முதலாவது. முதுகு அறுவைக்குப் பின் வலி நீடித்த 50 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மறு அறுவையும் மற்றவர்களுக்கு மின்தூண்டலும் தந்தார்கள். தொடர்ந்து கண்காணிக்க முடிந்தவர்களில், மின்தூண்டல் பெற்ற 19 பேரில் 9 பேருக்குச் சிகிச்சை வெற்றி. மறு அறுவை செய்துகொண்ட 26 பேரில் 3 பேருக்கு மட்டுமே. அடுத்தது கனடாவின் ரெஜைனா நகர நரம்பறுவை மருத்துவர் கிருஷ்ண குமார் தலைமையில் 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வு. 12 மையங்களில் 100 நோயாளிகள். ஆறு மாத முடிவில் கால்வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள், மின்தூண்டல் குழுவில் 48 சதவீதம். மருந்து, பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சையோடு மட்டும் இருந்த குழுவில் 9 சதவீதம். இத்தகைய முடிவுகளை வைத்தே பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் ‘நைஸ்’ அமைப்பு 2008 அக்டோபரில் இதைப் பரிந்துரைத்தது: வழக்கமான சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதமாவது நீடித்த நரம்புசார் வலி, 100 மில்லிமீட்டர் அளவுகோலில் 50க்குக் குறையாத கடுமை, வெற்றிகரமான சோதனைக் கட்டம் ஆகியவை அதன் நிபந்தனைகள்.

2015இல் வந்த அமெரிக்க ஆய்வில் 198 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்று மாத முடிவில், 10,000 துடிப்பு முறையில் முதுகுவலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 84.5 சதவீதம், பழைய முறையில் 43.8 சதவீதம். தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கருவியின் ஆய்வு 2020இல் 134 பேரோடு வெளியானது. மூன்று மாதத்தில் அதற்கு 82.3 சதவீதம், சரிசெய்துகொள்ளாத வகைக்கு 60.3 சதவீதம். இரண்டையும் நடத்த நிதி தந்தவை கருவியைத் தயாரித்த நிறுவனங்களே.

இந்த எண்கள் எல்லாவற்றிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. தூண்டல் பெற்றவரை, தூண்டல் பெறுவதாக நம்பும் ஆனால் பெறாத ஒருவரோடு இவற்றில் எதுவும் ஒப்பிடவில்லை. நீண்டநாள் வலியில் இந்த ஒப்பீடு மிக முக்கியம். வலி கூடிக் குறையும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள், அதன்பின் அது தானாகவும் இறங்கும். பெரிய கருவியும், அக்கறையான கவனிப்பும், இதுவாவது உதவும் என்ற நம்பிக்கையும் வலியை உண்மையாகவே குறைக்கின்றன. அந்தக் குறைவு நடிப்பில்லை. ஆனால் அது மின்சாரத்தால் வந்ததும் இல்லை. பழைய முறையில் மதமதப்பு தெரிவதால், கருவி ஓடுகிறதா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க வழியே இருக்கவில்லை. மதமதப்பு இல்லாத தூண்டல் வந்த பிறகு அந்தத் தடை நீங்கியது.

நார்வேயின் டிரான்ட்ஹைம் நகர மருத்துவமனை அந்தச் சோதனையைச் செய்தது. முடிவு 2022 அக்டோபரில் ‘ஜாமா’ இதழில் வெளியானது. வட்டு போன்ற காரணங்களுக்காகக் கீழ்முதுகு அறுவை செய்துகொண்டு, கால்வலி நீடித்து, தற்காலிக சோதனையிலும் தேறிய 50 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஓராண்டில் மூன்று மூன்று மாதமாக நான்கு சுற்றுகள்: இரண்டில் பர்ஸ்ட் தூண்டல் ஓடியது, இரண்டில் ஓடவில்லை, எது எப்போது என்பது நோயாளிக்குத் தெரியாது. அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமையை 0 முதல் 100 வரை அளக்கும் குறியீடு, தூண்டல் ஓடியபோது 10.6 புள்ளியும் ஓடாதபோது 9.3 புள்ளியும் குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. கால்வலி, முதுகுவலி அளவுகளிலும் அப்படியே.

வலி மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்து எழுதினார்கள். அங்கே பயன்படுத்திய மின்னோட்டத்தின் அளவும் முறையும் வழக்கமான மருத்துவப் பயன்பாட்டைப் போன்றவை அல்ல என்றும், பர்ஸ்டில் கிடைத்த முடிவை மற்ற வகைகளுக்கு நீட்ட முடியாது என்றும் வாதிட்டார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் பொருத்தப்பட்டு வந்த ஒரு சிகிச்சைக்கு எதிராக இப்படி ஒரு சோதனை வெளியான பிறகு, ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு கருவியை முன்வைப்பவர்கள் மேல்தான் விழுகிறது. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு கீழ்முதுகு வலிக்கான 13 ஆய்வுகளையும் அவற்றின் 699 பங்கேற்பாளர்களையும் அலசி, மருத்துவ ஆய்வுக்கு வெளியே இந்தச் சிகிச்சையைத் தருவதற்குச் சான்றுகள் ஆதரவளிக்கவில்லை என்று முடித்தது. போலித் தூண்டலோடு ஒப்பிட்டு ஓராண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து ‘ஜாமா நியூராலஜி’ வெளியிட்ட கட்டுரை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மின்தூண்டல் பெற்ற 1,260 பேரையும் அவர்களை ஒத்த, வழக்கமான சிகிச்சை பெற்ற 6,300 பேரையும் ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டுகளில் ஓபியாய்டு மருந்தின் பயன்பாடோ ஊசிகளோ மறு அறுவையோ குறைந்ததாகத் தெரியவில்லை. கருவி பெற்றவர்களில் 17.9 சதவீதம் பேருக்குச் சிக்கல் நேர்ந்திருந்தது; 22.1 சதவீதம் பேருக்குக் கருவியைத் திருத்தவோ அகற்றவோ வேண்டிவந்தது.

நேரக்கூடிய பாதகங்கள்

அடிக்கடி நேர்வது கம்பி இடம்பெயர்வது. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே தூண்டல் வேறிடத்துக்குப் போய்விடும். இதைத் தவிர்க்கவே, பொருத்திய பின் ஆறு முதல் எட்டு வாரம் குனிவதும் முறுக்குவதும் பளு தூக்குவதும் தடை செய்யப்படுகின்றன. கம்பி உடையலாம். கருவி புதைத்த இடம் வலிக்கலாம். நூறில் சிலருக்குக் கிருமி தொற்றும். ஆழமாகத் தொற்றினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் வழி. தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டியூரா உறையை ஊசி துளைத்தால் நிமிர்ந்து உட்காரும்போதெல்லாம் கடுமையான தலைவலி வரும். எபிடியூரல் இடைவெளியில் இரத்தம் கட்டித் தண்டுவடத்தை நெரிப்பது அரிது, ஆனால் கால்களையே முடக்கிவிடக்கூடியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்பதில் துளியும் அலட்சியம் கூடாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2016 ஜூலை முதல் 2020 ஜூலை வரை இந்தக் கருவிகளைப் பற்றி 1,07,728 புகார்கள் வந்தன. 497 மரணங்கள் அவற்றில் குறிப்பிடப்பட்டிருந்தன. இந்தப் பதிவுகளில் சிறிய கோளாறுகளும் அடக்கம், கருவியே காரணம் என்று அவை நிறுவுவதும் இல்லை. இருந்தாலும் 2020 செப்டம்பரில் அந்த நிர்வாகம் மருத்துவர்களுக்கு எழுதிய கடிதம், தற்காலிக சோதனை செய்யாமல் யாருக்கும் நிரந்தரக் கருவி வைக்க வேண்டாம் என்று நினைவூட்டியது.

கருவியோடு வாழ்பவர் மறக்கக்கூடாத எச்சரிக்கை ஒன்று பிசியோதெரபி அறையில் இருக்கிறது. உடலுக்குள் வெப்பம் பாய்ச்சும் டயதர்மி சிகிச்சையை அவருக்கு எந்த இடத்திலும் செய்யக்கூடாது. அந்த ஆற்றல் கம்பி வழியாக மின்முனைக்கு ஓடி நரம்புத் திசுவையே பொசுக்கிவிடும். இந்தியாவில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் டயதர்மி சாதாரணமாகத் தரப்படுவதால், இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, குறிப்பிட்ட மாதிரிக் கருவிகளுக்குக் குறிப்பிட்ட அமைப்புகளில் மட்டுமே அனுமதி. மதமதப்பு தரும் வகை என்றால் வண்டி ஓட்டும்போது அணைத்துவைக்கச் சொல்வார்கள். விமான நிலையத்தில் கருவியின் அடையாள அட்டையைக் காட்டுவது நல்லது.

தொடக்கத்தில் நன்றாக உதவிய தூண்டல் ஓரிரு ஆண்டுகளில் மங்கிப்போவதும் உண்டு. கம்பி அதே இடத்தில் இருக்கும், கருவி சரியாக ஓடும், நோயாளி மட்டும் பழைய வலிக்குத் திரும்பியிருப்பார். மின்துடிப்பின் வடிவத்தை மாற்றினால் சிலருக்குப் பலன் மீள்கிறது. மற்றவர்களுக்கு மீள்வதில்லை.

யாருக்கு, எப்போது

வலி காலில் கூடுதலாகவும் முதுகில் குறைவாகவும் இருந்து, எரிச்சல், குத்தல், தொட்டாலே வலி என நரம்புசார் இயல்பு தெளிவாகத் தெரிந்து, படங்களில் திருத்தத்தக்க கோளாறு இல்லாதவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள் என்பது பல்லாண்டு அனுபவத்தின் கணிப்பு. எலும்பு அசைவதால், மூட்டு தேய்வதால், தசை இறுகுவதால் வரும் வலிக்கு இது ஏற்றதன்று. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் தொற்றையும் தோல்வியையும் கூட்டுகின்றன. பொருத்துவதற்கு முன் மனநல மதிப்பீடு கேட்கப்படும்போது சிலர் புண்படுகிறார்கள். வலி கற்பனை என்று சொல்வதற்காக அது செய்யப்படுவதில்லை. சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருந்தால் நன்றாக ஓடும் கருவியும் பலன் தராது என்பதற்காகவே செய்யப்படுகிறது.

இந்தியாவில் இது பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் நடக்கிறது. கருவிகள் பெரும்பாலும் இறக்குமதி. செலவு பல லட்சம் ரூபாய். மின்கலம் தீரும்போது இன்னொரு செலவு காத்திருக்கிறது. இவ்வளவு பணமும் உடம்பும் பணயமாகும் முடிவில், நோயாளி கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகள் சில: வலிக்கான காரணம் மறுபடி முழுமையாகத் தேடப்பட்டதா, இன்னொரு முதுகெலும்பு மருத்துவரின் கருத்து கேட்கப்பட்டதா, சோதனைக் கட்டம் எத்தனை நாள், இந்த மருத்துவக் குழு இதுவரை எத்தனை பேருக்குப் பொருத்தியிருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்குக் கருவியை எடுக்க நேர்ந்தது, துடிப்பைத் திருத்தியமைக்க அடுத்த சில ஆண்டுகளுக்கு யார் இருப்பார்கள். சோதனை நாட்களில் வலி எண்ணை மட்டும் குறித்துவைப்பது போதாது. எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை மாத்திரை குறைந்தது என்ற குறிப்பு, நம்பிக்கையில் பிறந்த மதிப்பெண்ணைவிட உறுதியானது.

கருவி வைத்தவருக்கும் நடைப்பயிற்சி, தசை வலுவூட்டல், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தல், வலியோடு வாழப் பழக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவை தொடர வேண்டும். பாதி வலி குறைந்தாலே வெற்றி என்று கொள்ளும் சிகிச்சையில், மிச்சப் பாதியை அவைதான் சமாளிக்கின்றன. பலன் தராத கருவியை அகற்றிவிடலாம்: ஊசி வழியாக வைத்த கம்பியானால் சிறிய அறுவை போதும், துடுப்பு வடிவ மின்முனையைச் சுற்றித் தழும்பு படர்ந்திருந்தால் அதை எடுப்பது, வைத்ததைவிடக் கடினமான அறுவையாக இருக்கும். பொருத்தும் நாளுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லப்பட வேண்டிய செய்திகளில் இதுவும் ஒன்று.